ஒடியற் கூழுக்கு வேஷம் போடாதே

யாழ்ப்பாணம்,
தை மாதம்.

அன்பின் சிவா,

இங்கே எல்லாரும் நலம். நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது.

மாரி ஓய்ந்துவிட்டது. பனம்பாத்திகளைக் கிண்டத் தொடங்கிவிட்டார்கள். சுன்னாகம் சந்தையிலும் எங்கள் திருநெல்வேலிச் சந்தையிலும் பனங்கிழங்குக் கட்டுகள் குவிந்து கிடக்கின்றன. வளவுகளில் கிழித்த கிழங்கு காயத் தொடங்கிவிட்டது. நீ கேட்ட விஷயத்தை எழுத இதைவிடத் தோதான காலம் இல்லை.

மாசியில் உன் கனடா வேலைத்தலத்து ஆக்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, பனங்கிழங்கு மாவில் நண்டும் மீனும் போட்ட எங்கள் ஒடியற் கூழ் காய்ச்சிக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். வாசிக்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதற்குக் கீழே எழுதியதில் எனக்குத் துளியும் சம்மதம் இல்லை, மச்சான். ஒடியல் மாவின் மணம் அவர்களுக்கு ஒத்துவராது என்று பாதிக்குப் பாதி சோளன் மா கலக்கலாமா, நண்டைக் கோதுடன் போடாமல் சதையை மட்டும் எடுத்துப் போடலாமா, காரம் தெரியாமல் இருக்கத் தேங்காய்ப்பால் விடலாமா என்று கேட்கிறாய். இந்த மூன்றையும் செய்தால் சட்டியில் மிஞ்சுவது ஏதோ ஒரு மீன் சூப். அதைக் குடிக்க உன் வீட்டுக்கு வரவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

வெளியூர்ச் சனம் கூழைக் கண்டு முகம் சுளிப்பது உண்மைதான். கனடாக்காரரை விடு, கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழருக்கே முதல்தரம் அது விநோதமான பண்டம். ஆனால் அவர்கள் ஒதுக்கிவைக்கும் கூழ் பெரும்பாலும் சரியாகக் காய்ச்சாத கூழாகத்தான் இருக்கும். மா ஊறாமல் கசந்திருக்கும், கட்டி பட்டிருக்கும், மீன் கரைந்து முள் மட்டும் மிஞ்சியிருக்கும். இந்த மூன்றையும் திருத்திவிட்டால் வேஷம் எதுவும் தேவைப்படாது. அதனால் ஒவ்வொன்றாக எழுதுகிறேன். காய்ச்சும் நாளன்று குசினியில் இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதலில் மா. பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. ஆவணி, புரட்டாதியில் விழுகிற பனம்பழத்தின் விதையைப் பாத்தியில் அடுக்கி, மாரி மழையில் முளைக்கவிட்டு, மூன்று நான்கு மாதத்தில் கிண்டுவதுதான் கிழங்கு என்பது உனக்குத் தெரியும். அதை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் பச்சையாகத் தோலுரித்து, நீளவாக்கில் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். கூழுக்கு ஒடியல் மா மட்டும்தான். அங்கே கடைகளில் இரண்டு மாவும் ஒரே மாதிரிப் பைக்கற்றில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பெயரை நின்று வாசித்து எடு. புழுக்கொடியல் மாவின் மாச்சத்து ஏற்கெனவே வெந்துவிட்டது. அதைக் கரைத்து ஊற்றினால் கூழ் வழுவழுப்பாகத் தடிக்காது. நறநறவென்று அடியில் போய் நிற்கும்.

பைக்கற்றைத் திறந்ததும் முகர்ந்து பார். நல்ல ஒடியல் மாவுக்கு மண்ணும் காய்ந்த கிழங்கும் சேர்ந்த ஒரு மணம் இருக்கும், நிறம் வெள்ளையும் மஞ்சளும் கலந்த மாதிரி. பூஞ்சண வாடை அடித்தாலோ, சாம்பல் நிறம் கண்டாலோ யோசிக்காமல் எறிந்துவிடு. வெயில் போதாமல் காய்ந்த ஒடியலில் பூஞ்சணம் பிடிக்கும். அதை எத்தனை தண்ணீரில் கழுவினாலும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் நம்பிச் சாப்பிட முடியாது. முழு ஒடியலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. கையில் எடுத்து முறித்துப் பார்க்கலாம். படக்கென்று முறிந்து உள்ளே வெள்ளையாக இருக்கவேண்டும். வளைந்தால் காயவில்லை. உள்ளே கறுப்புப் புள்ளி இருந்தால் வேண்டாம்.

பத்துப் பேருக்கு 250 கிராம் மா போதும். முதலில் சின்னக் கண்ணறையுள்ள அரிதட்டில் அரித்துத் தும்பை எடு. பிறகு ஒரு பெரிய பாத்திரத்தில் இரண்டு லீற்றர் பச்சைத்தண்ணீர் விட்டு, மாவைக் கையால் கரைத்து, ஒரு மணித்தியாலம் அப்படியே விடு. மிச்சத் தும்பும் உமிபோன்ற தூசும் மேலே மிதக்கும், அகப்பையால் வழித்தெடு. மா அடியில் உறைந்து நிற்கும். மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீரை, பாத்திரத்தை மெல்லச் சரித்து, அடியிலுள்ள மா கலங்காமல் ஊற்று. இப்படி மூன்று தண்ணீர் மாற்றவேண்டும். மூன்றாம் தரம் ஊற்றும்போது தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாக வந்தால் சரி. ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பிப் பார்த்தால் கசப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். இன்னும் கடுமையாக இருந்தால் நான்காம் தண்ணீர்.

இதை ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. பச்சை ஒடியல் மாவில் உடம்புக்கு ஒவ்வாத பொருள்கள் இருப்பதை எலிகளில் செய்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றுவதும் நன்றாகக் கொதிக்கவைப்பதும் எங்கள் ஆச்சிமார் சும்மா வைத்த முறை அல்ல. அவசரத்தில் மாவை நேரே சட்டியில் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் கூழ் கசக்கும். குடித்தவர் மறுமுறை கோப்பையை நீட்டமாட்டார். பழி முழுக்கப் பனைக்குப் போய்விடும். அதேநேரம் கசப்பை முற்றாகக் கழுவிவிடவும் வேண்டாம். நாக்கின் அடியில் சாடையாக ஒரு கசப்பு நிற்கவேண்டும். புளியும் உறைப்பும் அதன்மேல் ஏறும்போதுதான் கூழ் கூழாக இருக்கும். முதல்நாள் இரவே ஊறவைக்கலாமா என்று நினைப்பாய். வெளியில் வைத்தால் புளித்துவிடும். பிறிட்ஜில் வைத்து, காலையில் ஒருதரம் தண்ணீர் மாற்றினால் பிழையில்லை.

இனிச் சட்டிக்குள் போகிற சாமான். ஏழெட்டு லீற்றர் கொள்ளும் பெரிய சட்டி எடு. நண்டு ஒரு கிலோ, மீன் முக்கால் கிலோ, அதோடு ஒரு பெரிய மீன் தலை, இறால் கால் கிலோ, கணவாய் கால் கிலோ. மரவள்ளிக்கிழங்கு 300 கிராம், பலாக்கொட்டை இருபத்தைந்து, பயித்தங்காய் பதினைந்து, அரிசி ஒரு பிடி, முருங்கையிலை இரண்டு பிடி. செத்தல் மிளகாய் பதினைந்து, உள்ளி எட்டுப் பல்லு, மஞ்சள் ஒரு தேக்கரண்டி. பழப்புளி 50 கிராம். உப்பு.

நண்டைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். அங்கே விற்கிற நீல நண்டு எங்கள் கடனீரேரி நீலக்கால் நண்டின் குடும்பம்தான், தாராளமாகப் பாவிக்கலாம். பெரிய பெரிய கால்களாக உறையவைத்து விற்கிறார்களே, அதை எடுக்காதே. அது பெரும்பாலும் அவித்தே உறையவைத்தது. அதன் சாரம் முன்பே அந்தத் தண்ணீரோடு போய்விட்டது, உன் சட்டிக்கு ஒன்றும் தராது. கோதுடன் போடவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் இதற்காகத்தான். கூழின் அடிச்சுவை நண்டுக் கோதிலிருந்தும் மீன் தலையிலிருந்தும் வருவது. மேலோட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் பஞ்சுபோல ஒட்டியிருக்கும் செவுளைப் பிய்த்தெறி. வயிற்றுப்புற மடிப்பை அகற்று. உள்ளே செம்மஞ்சளாக இருந்தால் அதைக் கழுவிவிடாதே, அது சட்டிக்குள் போகவேண்டிய பொருள். உடலை இரண்டாக வெட்டி, பெரிய கால்களை அம்மிக் குழவியாலோ சுத்தியலாலோ ஒரு தட்டுத் தட்டு. வெடித்தால் போதும், நொறுங்கக்கூடாது. நொறுங்கினால் சில்லுகள் கூழுக்குள் கலந்து தொண்டையில் குத்தும்.

மீனில் முள் பெரிதாக, சதை இறுக்கமாக இருப்பதைப் பார்த்து எடு. விளைமீன், பாறை, கொடுவா எல்லாம் நல்லது. அங்கே அறக்குளா கிடைத்தால் அதுவும் சரி. சூடை, சாளை பொரியலுக்கும் குழம்புக்கும் எவ்வளவு ருசியோ, கூழுக்கு அவ்வளவு ஆகாது. தடித்த கூழுக்குள் சின்ன முள்ளைக் கண்ணால் காணமுடியாது, பழக்கமில்லாத ஆளின் தொண்டையில் போய் நிற்கும்.

மரவள்ளியைத் தோலும் உள்தோலும் போக உரித்து, நடு நாரை எடுத்துவிட்டு விரல் நீளத்துக்கு வெட்டு. வெட்டுமுகத்தில் நீலக் கோடு ஓடியிருந்தால் அந்தத் துண்டு வேண்டாம். அவியும்போது சட்டியை மூடாதே. மரவள்ளியிலுள்ள நச்சு ஆவியாக வெளியே போகவேண்டும். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக்கூடாது என்று ஊரில் சொல்வார்கள். கூழில் இஞ்சிக்கு வேலையும் இல்லை. பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை உரி, மண்ணிறத் தோலைச் சுரண்டக்கூடிய அளவு சுரண்டு. உறையவைத்த கொட்டை வாங்கினால் உரித்துத்தான் வரும்.

காய்ச்சுகிற ஒழுங்கு இப்படி. மூன்றரை லீற்றர் தண்ணீரில் அரிசியும் பலாக்கொட்டையும் போட்டுக் கொதிக்கவிடு. பத்து நிமிடத்தில் மரவள்ளியும் மீன் தலையும் நண்டும். இன்னும் பத்து நிமிடத்தில் பயித்தங்காய். கிழங்கைக் கரண்டியால் அமத்தினால் பிளக்கும் பதம் வரும்வரை புளியை நினைக்கவே கூடாது. புளி முந்தினால் கிழங்கும் கொட்டையும் விறைத்து நின்றுவிடும். பிறகு ஒரு மணித்தியாலம் கொதித்தாலும் அவியாது. பலரும் பிழைவிடுகிற இடம் இதுதான்.

கிழங்கு அவிந்த பிறகு மீன் தலையை வெளியே எடுத்து, சதையைக் கிள்ளிச் சட்டியில் போட்டுவிட்டு எலும்பை எறிந்துவிடு. மிளகாய், உள்ளி, மஞ்சளை ஊறவைத்து, விதை தெரியாமல் பட்டுப்போல அரைத்த கூட்டைப் புளிக்கரைசலில் கலந்து ஊற்று. உப்புப் போடு. நன்றாக ஒரு கொதி வந்ததும் மீன் துண்டுகள். ஐந்து நிமிடம் கழித்து இறாலும் கணவாயும். கணவாய் இரண்டு மூன்று நிமிடத்தில் மெத்தென்று இருக்கும். அதைத் தாண்டினால் இறப்பராகிவிடும்.

இப்போது மா. அடியில் உறைந்திருக்கும் மாவை இரண்டு கோப்பை பச்சைத்தண்ணீரில் கரை. வெந்நீரில் கரைத்தால் அந்த இடத்திலேயே கட்டி பட்டுவிடும். அடுப்பைத் தணித்து, மீன் கணவாய்த் துண்டுகளை அரிகரண்டியால் ஒரு தட்டில் எடுத்துவைத்துவிட்டு, ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே மறு கையால் அடிவரை துழாவு. துண்டுகளை எடுத்துவைக்கச் சொல்வதற்குக் காரணம், மாவை ஊற்றியபின் பதினைந்து நிமிடமாவது விடாமல் கிண்டிக் கொதிக்கவைக்கவேண்டும். அதற்குள் மீன் கரைந்துவிடும். முதலில் தண்ணீராகவே இருக்கும், ஏமாந்து இன்னும் மா கரைத்து ஊற்றாதே. ஏழெட்டு நிமிடத்தில் திடீரென்று தடிக்கும். வெள்ளைக் கலங்கல் மாறி மினுங்கத் தொடங்கினால் மா வெந்து வருகிறது என்று அர்த்தம். பச்சை மணம் போனதும் துண்டுகளைத் திரும்பச் சேர்த்து, முருங்கையிலையைத் தூவி, இரண்டு நிமிடத்தில் இறக்கு. அகப்பையைத் தூக்கினால் அதில் ஒரு படை ஒட்டி, மிச்சம் வழுக்கி விழவேண்டும். அதுதான் பதம். ஆறினால் இன்னும் இறுகும் என்பதை மனதில் வைத்துச் சற்று இளக்கமாகவே இறக்கு. இறுகிவிட்டால் கொதிதண்ணீர் விட்டுக் கிண்டலாம். அடி பிடித்துவிட்டால் சுரண்டாதே, மேலாக வேறு சட்டிக்கு மாற்றிவிடு. சுரண்டினால் அந்தக் கருகல் மணம் முழுக் கூழுக்கும் ஏறும்.

தேங்காய்ப்பால் ஆடிக் கூழுக்குரியது. பனங்கட்டியும் பயறும் போட்டுக் காய்ச்சுகிற இனிப்புக் கூழுக்கு அது அழகு. ஒடியற் கூழுக்கு விட்டால் புளியும் நண்டுச் சாரமும் மங்கிவிடும். உறைப்புத்தான் பயமென்றால் மிளகாயை எட்டாகக் குறை. புளியைக் குறைக்காதே. தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ச் சொட்டு வெட்டிப் பக்கத்தில் வை. ஒரு மிடறு கூழுக்கு ஒரு கடி தேங்காய் என்று காட்டிக்கொடு, உறைப்பை அது ஆற்றும்.

வருகிற ஆக்களிடம் கட்டாயம் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுவை. நண்டு, இறால் ஒவ்வாதவர் யாராவது இருந்தால் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே வேறு சட்டி, வேறு அகப்பை. சைவக் கூழாகக் காய்ச்சினால் பலாக்கொட்டையையும் பயித்தங்காயையும் கூட்டி, பூசணித் துண்டும் போடு. நண்டின் இடத்தை அது நிரப்பாது, ஆனாலும் மாவின் சுவை அதில்தான் தெளிவாகத் தெரியும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவருக்கு அதுவே நல்ல அறிமுகம்.

பரிமாறும்போது அரைக் கோப்பைக்கு மேல் ஊற்றாதே. கொதிக்கக் கொதிக்கக் கொடு. கோது போட ஒவ்வொருவருக்கும் ஒரு வெறுங்கிண்ணம் வை. உள்ளே கோது இருக்கிறது, கையால் எடுத்து உறிஞ்சவேண்டும் என்று முதலே சொல். சொல்லாமல் கொடுத்தால்தான் வாயில் கோது தட்டும்போது திடுக்கிடுவார்கள். பிலாவிலை அங்கே கிடைக்காது, அதற்காகக் கவலைப்படாதே. சிரட்டை கிடைத்தால் அழகு, இல்லாவிட்டால் தேத்தண்ணிக் கோப்பையே போதும். கரண்டி மட்டும் வேண்டாம். கூழை வாய்வைத்துக் குடிக்கவேண்டும்.

கூழோடு வேறு என்ன வைக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். ஒடியற் பிட்டு வேண்டாம். அதுவும் எனக்கு உயிர்தான். ஆனால் ஊறவைத்த மாவைச் சீலையில் கட்டி இறுக்கப் பிழிந்து, தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, சின்ன இறாலும் பச்சைமிளகாயும் கலந்து நீத்துப்பெட்டியில் அவித்தால் சூட்டோடு சாப்பிட்டுவிடவேண்டும். ஆறினால் விறைத்துவிடும். விருந்தினர் வரும் நாளில் அந்த நேரக்கணக்கு உனக்குச் சரிவராது. பினாட்டுக் கிடைத்தால் சின்னத் துண்டுகளாக வெட்டித் தேங்காயோடு வை. கறுத்து, தோல்போல இருப்பதைப் பார்த்துத் தயங்குவார்கள். பனம்பழக் களியைப் பாயில் படைபடையாக ஊற்றி வெயிலில் காயவைத்தது என்று சொன்னால் கட்டாயம் ஒரு துண்டு வாயில் போடுவார்கள். பழக்களியைத் தகடாக உலர்த்திய இனிப்புகள் அவர்களுக்கும் பழக்கம்தானே. புழுக்கொடியலை மெல்லப் பல்லுக்குப் பலம் வேண்டும், வயதானவர்கள் இருந்தால் கொடுக்காதே.

பனங்காய்ப் பணியாரம்தான் முடிப்புக்குச் சரி. உறையவைத்த களி கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். முதலில் நாக்கில் வைத்துப் பார். மரத்துக்கு மரம் கசப்பு மாறும். இரண்டு கோப்பைக் களிக்கு ஒரு கோப்பைச் சீனி போட்டு, பச்சை மணம் போய்த் தடிக்கும்வரை காய்ச்சி, முழுக்க ஆறவிடு. ஆறமுதல் மா சேர்த்தால் பணியாரம் இறப்பர் மாதிரி இழுபடும். பிறகு வெள்ளைக் கோதுமை மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, விரலால் கிள்ளி எண்ணெயில் போடும் பதத்துக்குப் பிசை. எண்ணெய் புகையக்கூடாது. புகைந்தால் வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். அந்தப் பச்சைக் களிதான் கசக்கிறது. முதல்நாளே சுட்டுவை. மறுநாள் கசப்பு அடங்கி ருசி கூடும்.

1978 இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை ஒடியல் மாவைப் பைக்கற்றில் விற்கத் தொடங்கியதால் பட்டணத்து வீடுகளிலும் கூழ் தொடர்கிறது. ஆனாலும் வளவில் காய்ந்த ஒடியலை இடித்த மாவின் மணம் வேறு. கோடை வெயில் வரட்டும், அங்கே வரும் ஆளிடம் ஒரு கட்டு ஒடியலாகவே கொடுத்துவிடுகிறேன். மாவாக அனுப்பினால் வழியில் ஈரம் இழுக்கும். வந்ததும் சின்னச் சின்னத் துண்டாக முறித்து, ஒருநாள் குறைந்த சூட்டு அவணில் உலர்த்தி, மிக்சியில் ஒரு பிடிக்குமேல் போடாமல் அரை. அள்ளிப் போட்டால் மிக்சியின் அலகு உடையும், அவ்வளவு கல்.

மாசிக் கூழுக்கு இப்போதைக்குக் கடை மாதான். இந்தக் கிழமையே ஒரு பைக்கற் வாங்கி, இரண்டு மேசைக்கரண்டி மட்டும் கரைத்து, மூன்று தண்ணீர் மாற்றி, ஒரு கோப்பைத் தண்ணீரில் உப்பும் புளியும் விட்டுக் காய்ச்சிப் பார். எவ்வளவு தடிக்கிறது, கசப்பு எந்த அளவில் நிற்கிறது என்று எழுது. அதைப் பார்த்து 250 கிராமைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்கிறேன்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராசன்